தன்னை நேசிப்பவன் நல்ல நண்பனாக இருக்க முடியுமா? அரிஸ்டாட்டில் என்ன சொல்கிறார்?

யாரோ உங்களைச் சுயநலக்காரர் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என்னையும் சொன்னார்கள்.

நண்பனின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 11 ராத்திரி வராந்தாவில் பேப்பரை விரித்துப் படுத்தேன். "நமக்குள்ள என்னடா கணக்கு" என்று சொன்னதும் நான்தான். இரண்டு வருடம் கழித்து என் தங்கை கல்யாணத்துக்கு அவன் சரியாகப் பந்தி நேரத்தில் வந்து, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுக் கிளம்பியபோது, சொந்தக்காரர்கள் முன்னால் அந்த 11 ராத்திரி என் வாயில் வந்துவிட்டது. அதோடு பேச்சு நின்றது.

அப்புறம்தான் கிரேக்கத் தத்துவ ஞானி அரிஸ்டாட்டில் எழுதிய 'நிக்கோமாக்கிய அறவியல்' கைக்கு வந்தது. மொத்தம் 10 பகுதி, அதில் 8, 9 இரண்டும் நட்புக்கே. பயனுக்காகப் பழகுவதில்தான் புகார் அதிகம் வருமாம். பேசி முடித்துக் கொடுப்பது ஒரு வகை. பரிசு மாதிரி கொடுத்துவிட்டு மனசுக்குள் பற்று எழுதி வைப்பது இன்னொரு வகை. முக்கால்வாசிப் பேர் உயர்ந்ததை விரும்புவார்கள், ஆனால் லாபத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள் என்று வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். 2,300 வருடத்துக்கு முன்னால் எழுதிய மனுஷனுக்கு என் தங்கை கல்யாணம் எப்படித் தெரிந்தது!

உங்கள் கேள்விக்குப் பதில் 9-ல் இருக்கிறது. காசு, பதவி, சுகம் இவற்றில் தன் பங்குக்கு மேல் அள்ளுகிறவனை ஊர் திட்டுகிறது, அது நியாயம்தான். ஆனால் காசை நண்பனுக்கு விட்டுவிட்டு நல்ல காரியத்தைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறவனும் தன்னை நேசிக்கிறவன்தான், சொல்லப்போனால் இன்னும் அதிகமாக. (நூலகப் பிரதியில் இந்தப் பக்கத்தில்தான் எவனோ பேனாவால் வரிக்கு வரி கோடு போட்டுப் பாதியை அழித்து வைத்திருந்தான். பொதுப் புத்தகத்தில் பேனா வைக்கிறவனை நான் சுயநலக்காரன் என்பேன், அரிஸ்டாட்டில் என்ன சொன்னாலும் சரி.)

அப்போ எதையுமே எதிர்பார்க்கக் கூடாதா என்று சண்டைக்கு வராதீர்கள். முடிந்தவன் வாங்கியதற்கு ஈடாகத் திருப்பித் தர வேண்டும் என்றுதான் அவரும் எழுதுகிறார்.

இன்னொன்றும் சொல்கிறார்: உதவி வாங்கியவனைவிடச் செய்தவனுக்குத்தான் பாசம் அதிகம், கவிஞனுக்குத் தன் கவிதைமேல் இருப்பதுபோல. போன மாதம் பஸ் ஸ்டாப்பில் அந்த அப்பாவைப் பார்த்தேன். தனியாக நடந்து வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். மகனைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.