உணவகங்களிலும் பொது இடங்களிலும் நாய்களை அனுமதிக்கலாமா?

அனுமதிக்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நாய்களையும் அல்ல என்பதே என் கருத்து. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை இந்த விவாதத்தில் சேர்க்கவே கூடாது. அவற்றை வாசலில் தடுப்பது, அவற்றை நம்பி நடமாடும் மனிதரையே தடுப்பதாகும்.

செல்ல நாய்களைப் பொறுத்தவரை, சுகாதாரத்தைக் காட்டிலும் ஒவ்வாமையும் அச்சமும்தான் பெரிய தடைகள். சமையல் பகுதிக்குள் நாய் நுழையாமலும், அதைத் தொட்ட பணியாளர் கை கழுவாமல் உணவைத் தொடாமலும் பார்த்துக்கொண்டால் கிருமி பரவும் வாய்ப்பைப் பெரிதும் குறைத்துவிடலாம். ஒவ்வாமை அப்படிப்பட்டதன்று: அதைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் செதில்களிலும் இருப்பதால், நாய் போன பிறகும் அவை மெத்தை இருக்கைகளில் தங்கிவிடுகின்றன. ஆகவே மூடிய அறையைவிடத் திறந்தவெளி இருக்கைகளே பொருத்தமானவை. முன்பு நாய்க்கடி பட்ட குழந்தைக்கு, 'அது ஒன்றும் செய்யாது' என்று உரிமையாளர் சொல்வது எந்த ஆறுதலும் தராது. குட்டையான வாரில் கட்டி, மேசையடியில் நாயைப் படுக்க வைப்பதுதான் ஓரளவேனும் தரும்.

நாயின் பக்கத்தையும் பார்க்க வேண்டும்; பலர் இதை மறந்துவிடுவது வருத்தமளிக்கிறது. இரைச்சலான இடத்தில் அது அடிக்கடி கொட்டாவி விடுவதும், உதட்டை நக்குவதும், வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கிக்கொள்வதும் பெரும்பாலும் பதற்றத்தின் அறிகுறிகள். தடுப்பூசி போட்ட, நன்கு பழக்கிய நாயாகவே இருந்தாலும், அவற்றைக் கண்டவுடன் காபியைப் பாதியில் விட்டுவிட்டாவது அதை வெளியே அழைத்துச் சென்றுவிட வேண்டும்.