நுரைப்பலகை கேம்பர்: பசையும் பொருளும் - கேள்வி பதில்

குட்டியானை போன்ற சிறு லோடு வண்டியில் ஏற்றி இறக்கக்கூடிய, இருவர் படுத்துறங்கும் அளவிலான கேம்பரை (பயணத்தில் தங்கும் கூண்டை) நுரைப்பலகையால் தாங்களே கட்ட விரும்பும் நம் கடற்கரை ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளுக்கு, பைபர் படகு வேலையிலும் கூண்டு வேலையிலும் பழகியவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, சாதாரண தெர்மாகோல் போதுமா? எக்ஸ்பிஎஸ் பலகைதான் வேண்டுமா?

இரண்டும் பாலிஸ்டைரீன்தான். தெர்மாகோல் என்பது மணிகளை ஆவியில் ஊதி ஒன்றோடொன்று ஒட்டவைத்தது. மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் ஈரம் மெல்ல ஏறும். எக்ஸ்பிஎஸ் ஒரே பிழம்பாகப் பிதுக்கி எடுக்கப்படுவதால் அதன் அறைகள் மூடியிருக்கும். உப்புக் காற்றும் ஈரமும் ஓயாத நம் பகுதிக்கு எக்ஸ்பிஎஸ்தான் என் தேர்வு. எட்டடிக்கு நாலடி அளவில் 50 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் பலகை ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். அதே அளவில் 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் 20 கிலோவைத் தாண்டும். ஆனால் நுரை தனியாக நின்று எந்தப் பாரத்தையும் தாங்காது. இரு பக்கமும் ஒட்டப்படும் தோல்தான் (பைபர் அல்லது துணிப் படலம்) இழுவிசையையும் அழுத்தத்தையும் ஏற்கிறது. அத்தோல்களை விலக்கி நிறுத்துவதே நுரையின் வேலை. ஒட்டு விட்டுப்போனால் பலகையின் உறுதியும் போய்விடும் என்பதால், கேம்பரில் பசைதான் முதல் பொருள்.

பாம்பனிலிருந்து: எங்கள் ஊரில் பைபர் வள்ளம் கட்டும் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள் அண்ணே. அவர்களிடமே கொடுத்து நுரை மேல் பைபர் ஏற்றிவிடலாமா?

ஆட்கள் வரட்டும், அவர்களுடைய ரெசின் வர வேண்டாம். படகுப் பட்டறையில் புழங்குவது பாலியெஸ்டர் ரெசின். அதில் கரைந்திருக்கும் ஸ்டைரீன் என்ற திரவம், பாலிஸ்டைரீன் நுரையைக் கரைத்துவிடும். ஒரு துண்டு தெர்மாகோல் மேல் ஒரு கரண்டி பாலியெஸ்டர் ரெசினை ஊற்றிப் பாருங்கள்: சிறிது நேரத்தில் மணிகள் சுருங்கி உள்வாங்கும், நடுவில் பள்ளம் விழும், பள்ளத்தின் அடியில் பிசுபிசுத்த கூழ் மட்டும் மிஞ்சும். சுவர் முழுக்க இப்படி நடந்தால் வெளியே பைபர் நன்றாக இறுகியதுபோலத் தெரியும். உள்ளே பிடிப்பே இருக்காது.

பாலிஸ்டைரீனுக்கு எபாக்ஸிதான் பொருந்தும்; ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரும் என இரு பாகமாக வந்து, கலந்தபின் இறுகும் பசை அது. படகு வேலையில் கை பழகியவர்கள் இங்கே மூன்று பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். பாலியெஸ்டரில் வெயிலைப் பார்த்து வினையூக்கியைக் கூட்டிக் குறைப்பதுண்டு. எபாக்ஸியில் ஹார்ட்னரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகாது, என்றைக்கும் இளகலாகவே நின்றுவிடும். ஆகவே டப்பாவில் குறித்த விகிதத்தைத் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும். அடுத்து, கலந்ததைக் குவளையிலேயே வைத்திருந்தால் அது தன் சூட்டிலேயே கொதித்து இறுகும்; வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்பதால், சிறிது சிறிதாகக் கலந்து அகன்ற தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள். மூன்றாவது, படகுக்குப் போடும் வெட்டிழை மேட் (துண்டிழைகளைப் பரப்பி ஒட்டிய விரிப்பு) தவிர்த்து நெய்த கண்ணாடியிழைத் துணியை வாங்குங்கள். பெரும்பாலான மேட்டுகளின் இழைகளைக் கட்டியிருக்கும் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் இளகாது.

ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகுபோல ஒரு படலம் வரலாம். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி, உலரவிட்டு, உப்புத்தாள் தேய்த்த பிறகே அடுத்த பூச்சு. வெயில் பட்டால் எபாக்ஸி வெளுத்துப் பொடியும். கட்டாயம் மேலே பெயிண்ட் வேண்டும், அதுவும் வெள்ளையாக. கருநிறம் நம் வெயிலில் எளிதில் 70 டிகிரியை எட்டும். அந்தச் சூட்டுக்குச் சற்று மேலேயே நுரை இளகத் தொடங்கிவிடும்.

பாலியெஸ்டர்தான் கட்டுப்படியாகும் என்றால் பாலியூரிதேன் நுரைப்பலகையை வாங்குங்கள். அதை ஸ்டைரீன் கரைக்காது.

தொண்டியிலிருந்து: எபாக்ஸி விலை தாங்கவில்லை. கித்தான் துணியும் பெவிகாலும் வைத்து முடிக்கலாம் என்கிறார்களே, ஐயா?

முடிக்கலாம். அமெரிக்காவில் வீட்டிலேயே நுரை கேம்பர் கட்டுபவர்கள் பலர் செய்யும் முறை அதுதான். தண்ணீர் தாங்கும் வகைப் பெவிகாலாக இருக்க வேண்டும். கித்தான் கலப்பில்லாத பருத்தியாக இருக்க வேண்டும். எக்ஸ்பிஎஸ்ஸின் வழவழப்பான மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பசையைப் பூசி, துணியைச் சுருக்கமின்றி இழுத்து ஒட்டி, துணியின் மேலும் பசையை ஏற்றி, காய்ந்தபின் வெளிப்புறச் சுவருக்கான எமல்ஷனைப் பல பூச்சுகள் கொடுங்கள். துணி வழியே ஈரம் வெளியேறுவதால் இது நன்றாகக் காயும்.

ஆனால் இரண்டு நுரைப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட அதே பசையை எடுக்காதீர்கள். நீர் வெளியேற வழியில்லாமல் ஓரம் மட்டும் காய்ந்திருக்கும். பல நாள் கழித்துப் பிரித்தாலும் நடுவில் பசை பால்போல வெள்ளையாக, ஈரமாகவே இருக்கும். அந்த இடத்திற்கு ஈரத்தை உறிஞ்சி இறுகும் பாலியூரிதேன் பசை ஏற்றது. அது நுரைத்துப் பெருகிப் பலகைகளைத் தள்ளும் என்பதால், இறுகும்வரை மேலே மணல் மூட்டைகளைப் பரவலாக அடுக்கிவையுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: மைக்கா ஒட்டும் மஞ்சள் பசை?

வேண்டாம். அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். ஸ்ப்ரே பெயிண்ட், தின்னர், பெட்ரோல் எதுவும் வெறும் நுரையில் படக்கூடாது. எந்தப் பசையானாலும் கழிவுத் துண்டில் ஒட்டி, ஓர் இரவு விட்டு, பிய்த்துப் பாருங்கள். ஒட்டு நிற்க, நுரை கிழிந்து வந்தால் அந்தப் பசையை நம்பலாம்.

ஏர்வாடியிலிருந்து: திருகாணி துருப்பிடிக்காமல் இருக்க என்ன வழி?

304 தர எவர்சில்வரிலும் கடற்காற்றில் பழுப்புப் புள்ளிகள் விழும்; மாலிப்டினம் கலந்த 316 தரத்தைக் கேட்டு வாங்குங்கள். அலுமினியச் சட்டத்தில் எவர்சில்வர் திருகாணி தொடும் இடத்தில் உப்பீரம் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். அதனால் நைலான் வாஷரும் இடுக்கை அடைக்கும் பாலியூரிதேன் சீலன்ட்டும் இடையில் இருக்கட்டும். பெயிண்ட் அடிக்கவேண்டிய இடத்தில் சிலிக்கான் போடாதீர்கள், அதன்மேல் பெயிண்ட் பிடிக்காது.

மண்டபத்திலிருந்து: உள்ளேயே சிறிய கேஸ் அடுப்பு வைக்கலாமா?

கூடாது. பாலிஸ்டைரீன் தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், கரும்புகை சில நிமிடங்களில் மூச்சை அடைத்துவிடும். சமையல் வெளியில்தான். உறங்கும்போது மேலும் கீழும் காற்றுப்போக்கிகள் திறந்தே இருக்க வேண்டும்.

இராமேசுவரத்திலிருந்து: இவ்வளவு லேசான கூண்டைப் பாம்பன் பாலத்துக் காற்று தூக்கிவிடாதா?

நியாயமான கவலை. 2022 வரை ரயில் ஓடிய பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 16 கிலோ அழுத்தம் விழும்; ஏழடி நீளமும் நான்கடி உயரமும் உள்ள பக்கச் சுவரில் அது 40 கிலோவைத் தாண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆகவே கூண்டின் உயரத்தைக் குறைத்து, முனைகளை உருட்டிவிடுங்கள். கூண்டை வண்டியோடு இழுத்துக் கட்டும் வார் பிடிக்கும் ஒவ்வோர் இடத்திலும் நுரையைக் குடைந்து மரைன் ப்ளைவுட் கட்டையை எபாக்ஸியில் பதித்து, அதன் மேல் இரு பக்கமும் துணியை அகலமாக ஏற்றுங்கள். வெறும் நுரையில் கொக்கி மாட்டினால் பிய்த்துக்கொண்டு வரும். நான்கு மூலைகளிலும் வண்டியின் சட்டத்தோடு இழுத்துக் கட்டி, பாலம் ஏறுவதற்கு முன் மண்டபத்தில் நிறுத்தி வார்களை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள்.