வீட்டுத் தோட்டத்துக் கேமரா: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 'ராஸ்பெரி பை' என்ற சின்னக் கணினியில் பிஐஆர் சென்சார் (சூட்டை உணரும் கருவி) வைத்துக் கேமரா செய்தேன். ராத்திரி மரநாய் பதிவாகிறது. மே மாதப் பகலில் கீரி குறுக்கே போனாலும் ஒன்றுமில்லை. சென்சார் பழுதா?

பழுதில்லை. பிஐஆர் வெறும் அசைவைப் பார்ப்பதில்லை, சுற்றுப்புறத்தைவிடச் சூடு வேறுபட்ட ஒன்று நகர்வதைப் பார்க்கிறது. மே மாத மதியம் சுவரும் தரையும் கீரியின் உடல் சூட்டை எட்டிவிடும். அப்போது சென்சாருக்கு இரண்டும் ஒன்றுதான். ஓணான், பாம்பு எல்லாம் அதில் சிக்குவதே அபூர்வம். பகலில் சென்சாரை விட்டுவிட்டு, 'மோஷன்' மென்பொருளைப் போடுங்கள். அது படத்துக்குப் படம் மாற்றத்தை ஒப்பிடும். ஆடும் வாழை இலை இருக்கும் பகுதியை மட்டும் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெமரி கார்டு முழுக்க வாழை இலைதான். ராத்திரிக்குச் சென்சார் இருக்கட்டும். விலங்கு நேரே வரும் பாதையைவிடக் குறுக்கே கடக்கும் பாதையில்தான் அது நன்றாகப் பிடிக்கும்.

கேள்வி: கேமராவின் இரவு விளக்கு லேசாகச் சிவக்கிறது, மரநாய் முறைக்கிறது.

850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு எல்இடி போட்டிருப்பீர்கள். 940 போடுங்கள். சிவப்பு தெரியாது, வெளிச்சம் எட்டும் தூரம் மட்டும் குறையும்.

கேள்வி: எலுமிச்சைச் செடியில் தையல்சிட்டுக் கூடு. மறைக்கிற இலை இரண்டை வெட்டலாமா?

வெட்டாதீர்கள். அந்த மறைப்பு போனால் காகமும் செண்பகமும் கூட்டைப் பார்த்துவிடும். தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

கேள்வி: பறவை வீடியோவில் குழந்தைகள் பேச்சும் மிக்ஸி சத்தமும் கேட்கிறது. நீக்கிவிட்டு இசை சேர்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: இசை இல்லாமல் யார் அண்ணா பார்ப்பார்கள்?

உங்கள் பேரப்பிள்ளைகள் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பேச்சுதான்.

இன்னொருவர்: உணர்ச்சிக்குச் சரி. ஆனால் பறவை ஆர்வலருக்கு மிக்ஸி எதற்கு?

மிக்ஸியோடு சேர்ந்து போவது என்ன தெரியுமா? தவிட்டுக்குருவிக் கூட்டம் திடீரென்று கத்தினால், படத்துக்கு வெளியே பூனையோ பாம்போ வந்திருக்கலாம். படம் காட்டாததைச் சத்தம் சொல்கிறது. அழித்த சத்தத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இசை வேண்டுமென்றால் நகலில் சேருங்கள், மூலக் கோப்பைத் தொடாதீர்கள்.

கேள்வி: வராந்தா விளக்கில் புல்புல் கூடு. பக்கத்தில் கேமரா ஒட்டலாமா?

கூடு பற்றி மேலே சொல்லிவிட்டேன். ஒட்டக் கூடாது. குஞ்சு பறந்து போகும்வரை அந்த விளக்கையும் போடாதீர்கள்.

கேள்வி: எந்தக் கேமரா வாங்கலாம்?

முதலில் வீட்டில் கிடக்கும் பழைய கைபேசியை ஜன்னலில் வையுங்கள்.