ராணியைத் தேடாதீர்கள், முட்டையைப் பாருங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் அடுக்குத் தேனீ வைத்திருப்பவர்கள் கேட்டதில் ராணி, கூட்டம் பிரிதல் சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கு நாள் கணக்கு கொஞ்சம் மாறும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்: அண்ணே, பெட்டியைத் திறந்தாலே ஈ எல்லாம் அடை கட்டியிருக்கிற மரச்சட்டத்தின் அடிப்பக்கம் ஓடுது. ஒரு தடவைகூட ராணி கண்ணில் படலை. இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

ராணியைப் பார்த்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? நம்ம ஊர் ஈ அப்படித்தான், வெளிச்சம் பட்டதும் ஓடும். ராணியும் கருத்த நிறம், கூடவே ஓடிவிடும். அதைத் தேடிச் சட்டங்களைப் புரட்டிக்கொண்டே இருந்தால் புழு காய்ந்துபோகும், கூட்டமும் எரிச்சலாகும்.

முட்டையைப் பாருங்கள். வெயிலுக்கு முதுகு காட்டி நின்று, தோளுக்கு மேலாக வெளிச்சம் அடையின் அறைக்குள் விழுகிற மாதிரி சட்டத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். அறையின் அடியில் வெட்டிப்போட்ட வெள்ளை நூல் துண்டு மாதிரி ஒன்று தெரியும். போட்ட அன்றைக்கு அது நேராக நிற்கும், மறுநாள் சாயும், மூன்றாம் நாள் படுத்துவிடும். நிற்கிற முட்டை ஒன்று கிடைத்துவிட்டால் நேற்றோ இன்றோ ராணி அங்கே வந்திருக்கிறது. பெட்டியை மூடிவிடலாம்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு தம்பி: போன வருஷம் மாசி மாசத்தில் என் பெட்டியிலிருந்து பாதி ஈ பறந்துபோச்சு. இந்த வருஷம் முன்கூட்டியே எப்படித் தெரிஞ்சிக்கிறது? புது ராணி வளர்ற ராணி அறையை எல்லாம் நசுக்கிட்டா போதுமா?

நசுக்கினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கேயாவது ஓர் ஓரத்தில் ஓர் அறை கண்ணுக்குத் தப்பிவிடும். அதைவிட மோசம், பழைய ராணி ஏற்கெனவே கிளம்பிப் போயிருந்தால், நீங்கள் நசுக்குவது அந்தக் கூட்டத்தின் ஒரே நம்பிக்கையை.

முதலில் ஆண் ஈ அறைகளைக் கவனியுங்கள். வேலைக்கார ஈ அறையின் மூடி தட்டையாக இருக்கும். ஆண் ஈ அறையின் மூடி கூம்பாக எழும்பி, உச்சியில் ஊசியால் குத்தினாற்போல ஒரு சின்ன ஓட்டையோடு இருக்கும். அடையின் கீழ்ப்பக்கம் அப்படிப்பட்ட அறைகள் பெருகினால் கூட்டம் பிரிய மனசு வைத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து, அடையின் அடி விளிம்பில் ராணி அறைகள் தொங்க ஆரம்பிக்கும். நம் பக்கம் முந்திரி பூக்கும் தையிலிருந்து பங்குனி வரைதான் இதற்குக் காலம். அந்த மாதங்களில் வாரம் ஒரு முறை அடி விளிம்பை மட்டும் பார்த்தால் போதும்.

முட்டையிலிருந்து ராணி வெளிவர 15, 16 நாள். எட்டாம் நாள் வாக்கில் வேலைக்கார ஈக்கள் அறையை மூடிவிடும். மூடின ஓரிரண்டு நாளில், வானம் தெளிவாக இருந்தால், பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். அதற்கு முன்னால் நீங்களே பிரித்துவிடுங்கள்.

பழைய ராணி இருக்கிற சட்டத்தோடு, மூடின புழு உள்ள ஒரு சட்டம், தேனும் மகரந்தமும் உள்ள ஒரு சட்டம் மூன்றையும் புதுப் பெட்டிக்கு மாற்றுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ராணியைத் தேடித்தான் ஆகவேண்டும். ராணி அறைகள் பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். அவற்றில் பெரியதாக, நேராகத் தொங்குகிற இரண்டை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால், முதல் கன்னி ராணி வந்ததும் அதுவும் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பும். அப்படி இரண்டு மூன்று தடவை பிரிந்துபோனால் பெட்டியில் ஒரு கைப்பிடி ஈதான் மிஞ்சும்.

வெளியே போய் வருகிற ஈக்கள் பழைய இடத்துக்கே திரும்பும். ஆகவே புதுப் பெட்டியில் இன்னும் ஒரு சட்டத்து இளம் ஈக்களை உதறிவிடுங்கள். இல்லையென்றால் புதுப் பெட்டியை இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் வையுங்கள். உதறும்போது ராணி அறை உள்ள சட்டத்தைத் தொடவே கூடாது. உள்ளே இருக்கிற கூட்டுப்புழு அந்த அதிர்ச்சியைத் தாங்காது.

அதே தம்பி: ராணி வெளியே வந்துச்சா, உள்ளேயே செத்துச்சான்னு அறையைப் பார்த்தா தெரியுமா?

தெரியும். நுனி வட்டமாக வெட்டி மூடி திறந்த மாதிரி இருந்தால் ராணி தானாக வெளியே வந்திருக்கிறது. பக்கவாட்டில் கிழிந்திருந்தால் முந்திக்கொண்ட ராணி ஒன்று இதைக் கொன்றுவிட்டது. நுனியில் மெழுகைச் சுரண்டிப் பழுப்பாகத் தெரிந்தால் ஓரிரு நாளில் வெளியே வரும்.

விருத்தாசலம்: பிரிச்சு ஒரு மாசம் ஆகப்போகுது. ராணி அறை திறந்திருக்கு, ஆனா முட்டையே இல்லை.

வெளியே வந்த ராணி ஒரு வாரம் போலக் கழித்து, மத்தியான வெயிலில் பறந்து போய்ப் பல ஆண் ஈக்களோடு சேர்ந்து திரும்பும். அதற்கப்புறம் சில நாளில் முட்டை வைக்கும். ஆக, வெளியே வந்ததிலிருந்து இரண்டு வாரம் பொறுக்கலாம், மூன்று வாரம் தாண்டினால் சந்தேகப்படலாம். ஈயைப் பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டான் குருவியும் கரிச்சானும் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற இடமென்றால் ராணி போன வழியிலேயே போயிருக்கும்.

ஊகிக்க வேண்டாம். வேறு பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை ஈக்களை உதறிவிட்டுக் கொடுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். ராணி அறை கட்ட ஆரம்பித்திருந்தால் ராணி இல்லை, அவர்களே புதுசு செய்துகொள்வார்கள். கட்டவில்லையென்றால் உள்ளே ஒன்று இருக்கிறது, விட்டுவிடுங்கள்.

சிதம்பரம்: ஓர் அறையில் மூணு நாலு முட்டை கிடக்கு. நல்ல ராணின்னு சந்தோஷப்பட்டேன்.

சந்தோஷத்தைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். அது வேலைக்கார ஈ வைக்கிற முட்டை. ராணி போனதும் நம் அடுக்குத் தேனீ மற்ற இனங்களைவிடச் சீக்கிரமே இந்த நிலைக்கு வந்துவிடும். கருவுறாத முட்டை என்பதால் அத்தனையும் ஆண் ஈயாகத்தான் வரும். புது ராணியைக் கொண்டுவந்து விட்டால் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். ராணியுள்ள பலமான பெட்டியின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அதில் நாலைந்து ஓட்டை போட்டு, இந்தப் பெட்டியை மேலே வைத்துச் சேர்த்துவிடுங்கள். தாளைக் கடித்துத் திறப்பதற்குள் வாசனை ஒன்றாகிவிடும்.

வில்லியனூரிலிருந்து ஓர் அம்மா: வீட்டு முருங்கை மரத்தில் காலையிலிருந்து ஒரு கூட்டம் தொங்குது. புகை போட்டு விரட்டலாங்கிறார் வீட்டுக்காரர். பெட்டி ஒண்ணு சும்மாதான் கிடக்கு.

விரட்ட வேண்டாம்மா, அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு வந்த ஈ, பாதுகாக்க வீடும் இல்லாத ஈ, லேசில் கொட்டாது. ஆனாலும் முகவலை போட்டுக்கொள்ளுங்கள். வேவு பார்க்கிற ஈக்கள் இடம் முடிவு செய்துவிட்டால் கூட்டம் கிளம்பிவிடும், அது ஒரு மணி நேரத்திலும் நடக்கலாம்.

தண்ணீரைப் பூத்தூறலாகத் தெளித்தால் கூட்டம் இறுகும். பழைய அடைத்துண்டு கட்டிய கூடையைக் கூட்டத்துக்கு மேலே தொட்டாற்போல் பிடியுங்கள், ஈ மேலே ஏறும் பழக்கமுள்ளது. சாயங்காலம் இருட்டினதும் பெட்டிக்குள் இறக்கி, தெரிந்தவரிடமிருந்து நோயில்லாத புழுச் சட்டம் ஒன்றை வாங்கி நடுவில் வையுங்கள். புழுவை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனசு வராது. சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகு இரவில் வையுங்கள். வாசலில் ராணித் தடை, அதாவது வேலைக்கார ஈ நுழையும், ராணி நுழைய முடியாத தகடு, நாலைந்து நாள் இருக்கட்டும்.

பாகூர்: அந்த ராணித் தடையை எப்பவும் போட்டே வைத்தால் ஓடவே ஓடாதே?

ஆண் ஈயும் வெளியே போக முடியாமல் உள்ளேயே செத்து வாசலை அடைக்கும். கன்னி ராணி இருந்தால் கருவுறவே முடியாது. வேண்டாம்.

நெல்லிக்குப்பம்: ஐப்பசி மழையில் மொத்தக் கூட்டமும் காணோம். இதுவும் பிரிந்து போறதுதானா?

இல்லை, இது ஓடிப்போவது. பிரிந்து போனால் பாதி மிஞ்சும். ஓடிப்போனால் காலி அடைதான். வடகிழக்குப் பருவமழையில் பூவும் இல்லை, வெளியே போகவும் முடியவில்லை. ராணி முட்டையை நிறுத்தும், இருக்கிற புழு பொரிந்து முடிந்ததும் மூட்டையைக் கட்டிவிடுவார்கள். இங்கேயும் முட்டைதான் முன்கூட்டியே சொல்லும்: ஐப்பசியில் புது முட்டை குறைந்தால் அன்று இரவே பாகு வையுங்கள். ஈ உட்காராத அடைகளை எடுத்துவிடுங்கள், அவைதான் மெழுகுப் பூச்சிக்கு வீடு. தாங்குகட்டையின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வற்றக்கூடாது, எறும்பு ஏறினால் ஒரே இரவில் கிளம்பிவிடும்.

நெய்வேலி: ஒரே தாய்ப் பெட்டியிலிருந்து நாலு பெட்டி பண்ணியிருக்கேன். உறவுக்குள்ளேயே கலந்து வம்சம் கெட்டுப்போகுமா?

உங்கள் பெட்டி ஆண் ஈ மட்டும் வானத்தில் இல்லை. மரப்பொந்திலும் பழைய சுவரிலும் இருக்கிற காட்டுக் கூட்டங்களின் ஆண் ஈயும் வரும். மூடின புழு அடை நெருக்கமாக இருந்தால் கவலையில்லை. அங்கங்கே சொட்டை சொட்டையாக இருந்தால், அதற்கு நோயும் காரணமாகலாம், நெருங்கிய உறவும் காரணமாகலாம். உறவுக்குள் கலந்தால் சில முட்டைகள் கருவுற்றும் பெண்ணாகாமல் ஆணாகும் (இருமடி ஆண் என்பார்கள்), அந்தப் புழுவை வேலைக்கார ஈக்களே தின்றுவிடும். வேறு ஊரில் பிடித்த கூட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெட்டியிலிருந்து ராணி எடுக்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். முதலில் பிரிகிற கூட்டத்தில் ராணி அறை ஏராளமாகக் கிடைக்கும், எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். அப்புறம் நாலு பெட்டியும் பிரிந்துகொண்டே இருக்கும். 1991, 92-ல் தாய்லாந்து சாக்புரூட் என்கிற, புழுவைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீயைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தது. அதைத் தாங்கி நின்ற கூட்டங்களின் வழிவந்ததுதான் இன்று நம்மிடம் இருப்பது. நோய் வந்தும் தாங்கின பெட்டி, மழைக்காலத்தில் ஓடாத பெட்டி, முந்திரிப்பூ நேரத்தில் தேன் வைத்த பெட்டி, அதிலிருந்து எடுங்கள்.

கடலூர் முதுநகர்: இளம்புழுவை ஊசியால் எடுத்து மெழுகுக் கிண்ணத்தில் மாற்றி ராணி வளர்க்கிற வீடியோ பார்த்தேன். செய்யலாமா?

எத்தனை பெட்டி இருக்கிறது? பத்துக்குக் கீழே என்றால் தேவையில்லை. நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள அடையை எடுத்து, கீழ் விளிம்பைக் கத்தியால் வளைந்து வளைந்து வெட்டி, ராணியில்லாத பலமான பெட்டியில் வையுங்கள். வெட்டின விளிம்பில் அவர்களே அறை தொங்கவிடுவார்கள். ஒன்பதாம் நாள் வாக்கில், அடைத்துண்டோடு சேர்த்து அறுத்து, தலைகீழாகாமல், வேண்டிய பெட்டியில் பொருத்திக்கொள்ளலாம்.