பழைய லாரிக்கு ஸ்பிரிங் பட்டை செய்யக் கொடுக்கும்போது

கேள்வி: என் லாரியின் பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டைகள் விரிசல் விட்டுவிட்டன. ஸ்பிரிங்கை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிள், பிராக்கெட் எல்லாம் தேய்ந்துவிட்டன. இந்த மாடலுக்குக் கம்பெனி பாகம் இப்போது வருவதில்லை. ஒரு பட்டறையில், "பழசைக் கொடுங்க, அப்படியே அடிச்சுத் தர்றோம்" என்று கிலோ கணக்கில் விலை சொல்கிறார்கள். இன்னொருவர் வரைபடம், சான்றிதழ் என்று பேசி இரண்டு மடங்கு கேட்கிறார். எதை நம்புவது? புதிதாகச் செய்வதால் ஒரு பட்டையை மட்டும் 10 மி.மீ.க்குப் பதில் 12 மி.மீ. போட்டுக் கூடுதல் பாரம் ஏற்றலாமா?

பதில்: கடைசி ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். பட்டையின் கனம் 1.2 மடங்கானால் அதன் விறைப்பு சுமார் 1.7 மடங்காகிவிடும். எல்லாப் பட்டைகளும் சேர்ந்து வளையும்போது கனமான பட்டையில்தான் தகைவு (உள்ளே ஏறும் இழுவிசை, அழுத்தம்) அதிகம்; முதலில் உடைவதும் அதுவாகவே இருக்கும். அச்சு, பிரேக், டயர் எதுவும் மாறாதபோது வண்டி தாங்கும் எடையும் மாறாது.

கிலோ விலை என்பது இரும்பின் விலை. ஸ்பிரிங்குக்கு உயிர் கொடுப்பது பதம். 5160, 51சிஆர்வி4 போன்ற ஸ்பிரிங் எஃகைச் சுமார் 850 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பிறகு அதைவிடக் குறைந்த சூட்டில் மறுபடி காய்ச்சி முறியும் தன்மையைக் குறைக்க வேண்டும் (இதுதான் டெம்பர்). பதம் குறைந்தால் பட்டை தொய்ந்துபோகும், மிஞ்சினால் பட்டென்று முறியும். ராக்வெல் சி அளவில் 40 முதல் 48 வரை கடினத்தன்மை இருப்பது வழக்கம். "எந்த எஃகு, எவ்வளவு கடினம், ஷாட் பீனிங் உண்டா?" என்று கேளுங்கள் (சிறு எஃகு குண்டுகளை மேற்பரப்பில் வீசி அடித்து உறுதியாக்குவதுதான் ஷாட் பீனிங்). பதில் சொல்லத் தடுமாறும் பட்டறையிடம் பட்டையைக் கொடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

"அப்படியே அடிச்சுத் தர்றோம்" என்பதில் இன்னொரு வில்லங்கம். பழைய பட்டை தொய்ந்திருக்கும், ஷேக்கிள் துளை தேய்ந்து அகன்றிருக்கும். பழசைப் பார்த்துச் செய்தால் தொய்வும் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். வளைவின் உயரத்தைச் சர்வீஸ் கையேட்டிலிருந்தும், துளையின் அளவை அதற்குள் போகும் புதிய பின் (உருளைக் கம்பி), அதைச் சுற்றும் உறையான புஷ் ஆகியவற்றிலிருந்தும் எடுத்து வரைந்து கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாயும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

பிராக்கெட், ஷேக்கிள் தகடுகளை நல்ல ஃபேப்ரிகேஷன் பட்டறையே செய்துவிடும், அதற்கு இரட்டை விலை தேவையில்லை. ஆனால் கேஸ் கட்டிங் விளிம்பை அப்படியே விடாமல் தேய்த்து வழவழப்பாக்கச் சொல்லுங்கள், விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். துளையை டிரில் போட்டே எடுக்கட்டும். பின்னின் மேற்பரப்பு கடினமாகவும் புஷ் அதைவிட மென்மையாகவும் இருந்தால் தேய்வது மலிவான புஷ்ஷாக இருக்கும். பட்டையில் வெல்டிங் மட்டும் கூடவே கூடாது, புள்ளி போல வைக்கும் சின்ன டேக் வெல்டு உட்பட. சூடுபட்ட இடத்தில் பதம் கெட்டு, அங்கேயே முறியும்.

ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளைப் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை இறுக்கி நீண்டதைத் திரும்பப் போடுவது சரியல்ல. பாரத்தோடு கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கவும் வேண்டும்.

ஆர்டரில் எஃகின் கிரேடு, கடினத்தன்மை, அளவு, அனுமதிக்கும் வித்தியாசம் நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதிப் பணம் கடினத்தன்மை அறிக்கையைப் பார்த்து, பாகத்தை வண்டியில் பொருத்திய பிறகுதான். அதுவரை பழைய பாகங்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.