பூட்டிய வீடும் குற்றவியல் படிப்பும்

அன்புள்ள ஆச்சி,

பிளஸ் டூ முடித்துவிட்டேன். குற்றவியல் படிக்க ஆசை. அப்பா, “திருடனைப் பற்றிப் படித்து என்ன செய்யப்போகிறாய், பி.காம். சேர்” என்கிறார். தடய அறிவியலும் இதுவும் ஒன்றா? வேலை கிடைக்குமா?

வாசகி, தேவகோட்டை

அன்புள்ள ஆத்தா,

இரண்டும் வேறு. ரத்தக்கறை, கைரேகை, டி.என்.ஏ. எல்லாம் தடய அறிவியல், அதற்கு வேதியியல், உயிரியல் மாதிரிப் பாடங்கள் வேண்டும். குற்றம் ஏன் நடந்தது, ஏன் இந்த இடத்தில், தண்டனையால் குறைகிறதா, பறிகொடுத்தவர் அப்புறம் என்ன ஆனார் என்று கேட்பது குற்றவியல்.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பங்காளி வீடு ஒன்று வருஷம் முழுக்கப் பூட்டியே கிடக்கும், ஆட்கள் சென்னையிலும் மலேசியாவிலும், கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும்தான் திறப்பார்கள். ஒரு தடவை திறந்தபோது இரண்டாம் கட்டு அறையில் அண்டாவும் தவலையும் இருந்த இடத்தில் வட்டம் வட்டமாகத் தரை தெரிந்தது, சுற்றிலும் தூசி. ஊர் முழுக்க ஒரே கேள்வி, யார்? சாவி வைத்திருந்த பெரியவரைக் காட்டினார்கள். சாவி இருந்ததைச் சொன்னார்கள், கூடவே அவர் பிறந்த சாதியையும் சொன்னார்கள். விசாரணைக்குப் போய் ராத்திரி திரும்பினார். எதுவும் நிரூபணமாகவில்லை, பொருளும் கிடைக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் மனைவி எங்கள் கிணற்றுக்கு வரவில்லை. இடுப்பில் குடத்தோடு எங்கள் வாசலைத் தாண்டி ஊருணிக்குப் போவதை முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், கூப்பிடவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

சாதியைச் சொல்லி ஆளைக் காட்டும் இந்தப் பழக்கத்துக்குப் பழைய கதை இருக்கிறது. 1871-ல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ல் அதைத் திருத்திய பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்து, ஒரு சாதியில் பிறந்த காரணத்துக்காகவே ஆட்களைக் கைரேகை வைக்கச் சொன்னது. 1947-ல்தான் இங்கே நீங்கியது. குற்றவியலிலும் இதே மாதிரி நினைப்பு இருந்தது. 1876-ல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளியை உடல் அமைப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று எழுதினார். 1913-ல் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர் கைதிகளையும் மற்றவர்களையும் அளந்து பார்த்து, அப்படி ஒரு தனி உடல்வாகே இல்லை என்று காட்டினார். வகுப்பில் இதையெல்லாம் படிப்பாய். ஒரு துறை தன் தப்பைத் தானே அளந்து பார்த்துத் திருத்திக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அப்புறம் 1979-ல் கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சொன்னது. திருட நினைக்கும் ஆள், விலை போகிற பொருள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமை, மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் குற்றம் நடக்கும். செட்டிநாட்டுத் தெருவில் நடந்து பார், இது உனக்கே விளங்கும். பர்மா தேக்கு நிலைகள், பித்தளை, எனாமல் பாத்திரம், இதற்கெல்லாம் காரைக்குடியில் பழம்பொருள் சந்தையே உண்டு, வீட்டிலோ ஆள் இல்லை. அன்றைக்கு “யார்” என்பதோடு இதையும் கேட்டிருந்தால், மிச்சமிருந்த வீடுகளையாவது காப்பாற்ற வழி தேடியிருப்போம், அந்த மனுஷரையும் விட்டிருப்போம்.

சரி, வேலைக்கு வருகிறேன். பட்டத்தைக் காட்டினால் உடனே சார்பு ஆய்வாளர் ஆக்கிவிடமாட்டார்கள், அதற்குத் தேர்வு எழுத வேண்டும், எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஆனால் நன்னடத்தை அலுவலர் என்று ஒரு வேலை இருக்கிறது. 1958-ம் வருஷச் சட்டப்படி, குற்றம் செய்தவரின் குடும்பம், சூழல், குணம் எல்லாவற்றையும் விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுப்பவர் அவர். ஒருவர் சிறைக்குப் போகிறாரா வீட்டுக்குப் போகிறாரா என்பதில் அந்த அறிக்கைக்குப் பங்கு உண்டு. வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்ட வழக்குகளில் குழந்தைக்குத் துணையாக நிற்கும் ஆதரவு நபர், இங்கேயும் படித்த ஆள் வேண்டும். சம்பளம் பெரிதாக இருக்கும் என்று சொல்லமாட்டேன், அப்பாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் துறை உண்டு. இளநிலையில் சமூகவியலோ உளவியலோ படித்துவிட்டு எம்.ஏ.வுக்கு அங்கே போகலாம் என்று அப்பாவிடம் பேசு.

அதற்கு முன்னால் ஒரு காலை உங்கள் ஊர் நீதிமன்றத்துக்குப் போய்ப் பின் வரிசையில் உட்கார். கூண்டில் நிற்பவரை மட்டும் பார்க்காதே, வெளியே மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருக்கும் பெண்களையும் பார். அப்பாவையும் கூட்டிப்போ. வந்து எழுது.