சாய்வாக இழுத்தால் திருப்பு விசை எவ்வளவு? கேள்வி பதில்

கேள்வி: திருப்பு விசைக்கு (ஒன்றை அச்சைச் சுற்றித் திருப்பும் திறன், டார்க்) சைன் என்கிறது பாடநூல். எங்கள் ஆசிரியர் ஒரு கணக்கில் கோசைன் போட்டார். எது சரி? (பிளஸ் ஒன் மாணவி)

கோணத்தை எங்கிருந்து அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள். தூரம் × விசை × சைன் என்ற சூத்திரத்தில் வரும் கோணம், கைக்கும் (அச்சிலிருந்து விசை படும் இடம் வரையுள்ள தண்டு) விசைக்கும் இடையே உள்ளது. வினாத்தாளிலோ பெரும்பாலும் தரையோடு உள்ள கோணத்தைத் தருவார்கள்.

10 மீட்டர் நீளக் கிரேன் கை, தரையோடு 60 டிகிரி சாய்ந்து நிற்கிறது. முனையில் 5,000 நியூட்டன் சுமை நேர் கீழே தொங்குகிறது. கைக்கும் கயிற்றுக்கும் இடையே 30 டிகிரி. சைன் 30 என்பது 0.5. விடை 25,000 நியூட்டன் மீட்டர். தரைக் கோணத்தை எடுத்தால் கோசைன் 60, அதுவும் 0.5தான். சைன் 60 போட்டவருக்கு 43,300 வரும், அது தவறு.

இந்தக் குழப்பமே வராத வழி ஒன்று உண்டு. விசை செல்லும் கோட்டை இருபுறமும் நீட்டி வரையுங்கள். அச்சிலிருந்து அதற்குச் செங்குத்துக் கோடு போடுங்கள். அந்தத் தூரத்தை விசையால் பெருக்கினால் போதும். இங்கே அது 5 மீட்டர். படம் வரையாமல் சூத்திரத்தில் கை வைக்காதீர்கள் என்று எல்லா மாணவர்களிடமும் வற்புறுத்துகிறேன்.

கேள்வி: 25 செ.மீ. ஸ்பேனரை 200 நியூட்டன் விசையால் சாய்வாக இழுத்தால் எவ்வளவு குறையும்?

செங்குத்தாக இழுத்தால் 50 நியூட்டன் மீட்டர். 80 டிகிரியில் 49.2, 60 டிகிரியில் 43.3, 30 டிகிரியில் 25. சற்றே சாய்ந்தால் இழப்பு அற்பம். மிகவும் சாய்ந்தால்தான் பாதியாகிறது.

கேள்வி: மீதி விசை எங்கே போகிறது?

ஸ்பேனரின் நீளவாக்கில் இழுக்கிறது. 60 டிகிரியில் அந்தக் கூறு 100 நியூட்டன். நட்டைத் திருப்ப அது உதவாது. திறந்த வாய் ஸ்பேனரை நட்டிலிருந்து உருவப் பார்க்கும். நழுவினால் கை விரல்தான் அடிபடும்.

கேள்வி: சைக்கிள் மிதிக்கும்போதும் இதே கணக்குதானா?

ஆம். பெடல் கை 170 மி.மீ., நேர் கீழே 600 நியூட்டன் என்று கொள்வோம். கை கிடைமட்டமாக இருக்கையில் 102 நியூட்டன் மீட்டர். 45 டிகிரியில் 72. பெடல் உச்சியில் இருக்கும்போது விசைக்கோடு அச்சின் வழியாகவே செல்வதால் திருப்பு விசை பூஜ்யம். எவ்வளவு அழுத்தினாலும் சுழலாது.

கேள்வி: அலகு நியூட்டன் மீட்டர் என்றால் ஜூல் என்றும் எழுதலாமா?

கூடாது. ஜூல் ஆற்றலுக்கு மட்டும்.

கேள்வி: டார்க் ரெஞ்சின் (குறித்த திருப்பு விசைக்கு அளவு வைத்து இறுக்கும் ஸ்பேனர்) முனையில் நீட்டிப்புத் துண்டு மாட்டினால் அளவை மாற்றி வைக்க வேண்டுமா? (வாகனப் பட்டறை வைத்திருப்பவர்)

துண்டு எந்தத் திசையில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ரெஞ்ச் 400 மி.மீ., துண்டு 50 மி.மீ. என்றும், கைப்பிடியைச் செங்குத்தாகவே இழுக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். துண்டு நேராக நீண்டிருந்தால் நட்டிலிருந்து விசைக்கோட்டுக்கு 450 மி.மீ. தூரம். நட்டுக்கு 90 நியூட்டன் மீட்டர் தேவையென்றால் ரெஞ்சில் 80 வையுங்கள். துண்டை ரெஞ்சுக்கு 90 டிகிரியில் திருப்பி மாட்டினால் அந்தத் தூரம் மீண்டும் 400 ஆகிவிடும். 90 என்றே வைக்கலாம். 45 டிகிரியில் தூரம் 435 மி.மீ.; ஏறக்குறைய 83 வைக்க வேண்டும். முடிந்தவரை 90 டிகிரியிலேயே மாட்டுங்கள். திருத்தக் கணக்கே தேவைப்படாது.